பிளஸ் டூ, கல்லூரிப் பெண் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏன் இவ்வளவு குறைவு? தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் வாங்க

மொரப்பூர் ஜங்ஷன்

வணக்கம் நண்பர்களே. நான் ரத்த தான முகாம் நடத்தும் குழு ஒன்றில் இருக்கிறேன். அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை பக்கக் கல்லூரிகளுக்குப் போவோம். ரத்தம் கொடுக்க எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பையன்களில் யாரையாவது திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் அவன் புதிதாகப் பச்சை குத்தியவனாக இருப்பான். பெண்கள் வரிசை அப்படி இல்லை. ஆசையாக வந்து நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் எடை மெஷினையே தாண்டுவதில்லை, தாண்டினவர்களுக்கும் விரலில் குத்திப் பார்த்தால் 9.8, 10.4 என்று வருகிறது. "அப்போ எனக்குத்தான் சார் ரத்தம் ஏத்தணும் போல" என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே போனது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் சுமார் 55. இந்திய அளவில் 57, அதை வைத்து நாம் தேவலை என்று யாராவது சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறவர்கள் இல்லை, வீட்டில் ரேஷன் அரிசி மூட்டை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. அப்புறம் என்னதான் நடக்கிறது? உங்கள் ஊரில் பார்த்ததை எழுதுங்கள்.

கம்பைநல்லூர் சம்சாரி

இதில் யோசிக்க என்ன இருக்கு தம்பி. களியை விட்டோம், ரத்தமும் போச்சு. எங்க அம்மா காலத்தில் காலையில் புளிச்ச கூழ், மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும், ராத்திரி சாமைச் சோறு, நடுவில் கொள்ளுக் கடைசல். பண்ணைக்கீரையும் குமட்டிக்கீரையும் காட்டில் சும்மா கிடந்தது, காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. இன்றைக்கு ராகி விதைத்த கொல்லையில் மரவள்ளி, இல்லாவிட்டால் தக்காளி, இல்லாவிட்டால் சாமந்தி. சந்தைக்குப் போகிற பயிரைத்தான் போடுகிறோம், வீட்டுக்கு வருகிறது எதுவும் இல்லை.

2023இல் நம்ம தருமபுரி மாவட்டத்துக்கும் நீலகிரிக்கும் மட்டும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம். வாங்கினவர்களில் எத்தனை வீட்டில் களி கிண்டினார்கள் என்று கேளுங்கள். எங்கள் தெருவில் பாதி மாட்டுக்குப் போனது. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் வேண்டும், பரோட்டா வேண்டும். களியைப் பார்த்தால் மூஞ்சியைச் சுளிக்குதுங்க.

ஓசூர் ஷிப்ட்

சம்சாரி அண்ணா, மரியாதையோடுதான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் களி கிண்டுவது யார்?

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. ஊரில் இருந்து போய்வந்தபோது கம்பெனி பஸ் நாலரைக்கு மெயின் ரோட்டுக்கு வரும், மூன்றரைக்கு எழுந்தால் பல் விளக்கி, தலை வாரி, ஓடத்தான் நேரம். அந்த நேரத்தில் களியும் இறங்காது இட்லியும் இறங்காது. இப்போது ஹாஸ்டல். காலை டிபன் பெரும்பாலும் வெறும் உப்புமா, மத்தியானம் சோறு, தண்ணீராக ஒரு சாம்பார், ராத்திரியும் அதே சோறு. முட்டை எப்போதாவது. லைனில் எட்டு மணி நேரம் நின்றால் டீ மட்டும்தான் தெம்பு. நூடுல்ஸ் தின்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் கெட்டிலில் வேறு என்ன வேகும் சொல்லுங்கள்.

ஊரில் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? யாரும் என் தட்டில் இருந்து பிடுங்கவில்லை, அப்பா தம்பி எல்லாம் நல்லவர்கள்தான். ஆனால் அம்மா கடைசியில்தான் சாப்பிடுவார்கள், அவர்களோடு உட்கார்ந்தால் நானும் கடைசிதான். அப்போது குழம்புச் சட்டியில் காய் இருக்காது, சாறு இருக்கும்.

பர்கூர் கல்லுப்பட்டறை

எல்லாத்துக்கும் ஆம்பளையையும் அரசாங்கத்தையும் குறை சொல்லியே பழகிவிட்டோம். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வருது, அதுக்கு விண்ணப்ப முகாமையே 2023இல் நம்ம தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். பஸ் இலவசம், அரிசி இலவசம். காலேஜ் போற பிள்ளைக்குத் தனியா புதுமைப் பெண் 1000. ஒரு முட்டை ஆறேழு ரூபா, நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கு. தினமும் ஒண்ணு வாங்கினால் மாசம் 200. இந்தக் காலத்துப் பொண்ணுங்க உடம்பு வைக்கக் கூடாதுன்னு காலையில் சாப்பிடாமல் போகுதுங்க, அதுதான் உண்மை. யூடியூப் பார்த்து டயட் இருக்குதுங்க.

ஓசூர் ஷிப்ட்

அந்த 1000 எங்கள் வீட்டில் 15ஆம் தேதி வரும், 16ஆம் தேதி குழுக் கடன் தவணைக்குப் போகும். டயட் இருக்கிற அளவுக்குத் தட்டில் முதலில் ஏதாவது இருக்கணும் சார்.

சப்சென்டர் அக்கா

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், வேலை முழுக்க தருமபுரி மாவட்டத்தில்தான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சண்டை போடாமல் கேளுங்கள்.

முதலில் ஒல்லியாக இருந்தால்தான் சத்துக்குறைவு என்ற எண்ணத்தை விடுங்கள். மொரப்பூர் தம்பி சொன்ன அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 12.6 சதவீதம்தான், அதிக எடை உள்ளவர்கள் 40.4 சதவீதம். அப்படியும் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதாவது வயிறு நிறைகிறது, சோறு நிறைக்கிறது. ரத்தம் ஊறத் தேவையான இரும்பும் புரதமும்தான் இல்லை. குண்டாக இருக்கிற பிள்ளைக்கும் 9 புள்ளி ரத்தம் பார்த்திருக்கிறேன், அதன் அம்மா நம்பவே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் கொடுத்த கணக்குப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வயது வந்த ஆணுக்கு 19 போதும். மாதவிடாய் இருக்கிறது, இன்னும் வளர்கிற உடம்பும் கூட. ஆக, வீட்டிலேயே அதிக இரும்பு தேவைப்படுகிற ஆள் அந்தப் பெண்தான், சட்டியில் கடைசியாகக் கை வைப்பதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரல் யார் தட்டுக்குப் போகிறது என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கறியில், ஈரலில், கருவாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். கீரையில், தானியத்தில் இருப்பது பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரிது.

சம்சாரி அண்ணனுக்கு: ராகியில் சுண்ணாம்புச் சத்துதான் அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். இரும்பு அதே 100 கிராமில் 4 மில்லிகிராமை ஒட்டித்தான். களி நல்லது, நானும் சாப்பிடுகிறேன், ஆனால் களி மட்டும் ரத்தம் ஏற்றாது. நீங்கள் சொன்ன பட்டியலில் வேலை செய்தது அவரைக்கொட்டையும் கொள்ளும் கீரையும்தான். அப்புறம் அந்தக் கூழைப் புளிக்க வைத்தார்களே, அதுவும். புளிக்க வைத்தாலும் முளை கட்டினாலும் தானியத்தில் இருக்கிற இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். இப்போது பாக்கெட் ராகி மாவை வாங்கி அப்படியே பாலில் கரைத்து காபி மாதிரிக் குடித்துவிட்டு சத்து ஏறவில்லை என்கிறார்கள்.

கம்பைநல்லூர் சம்சாரி

அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும். ஆனால் அந்த அவரையும் கொள்ளும் ராகிக்கொல்லையில் ஊடுபயிராத்தான் வந்தது, ராகி போனதும் அதுவும் சேர்ந்து போச்சு. நான் சொல்ல வந்தது அதைத்தான். ரேஷனில் ராகி மட்டும் கொடுத்தால் பயிரில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்த மாதிரி. பருப்பு எங்கே?

மொரப்பூர் ஜங்ஷன்

பருப்பு ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ கிடைக்கிறதே. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் நாலு பேர், 30 நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட வராது. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் போல வேண்டும். மீதியை சோறும் சாறும் எங்கே கொடுக்கும்!

அரசுப் பள்ளி டீச்சர்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிறேன்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்கு, 1984இல் 15 வயது வரை நீட்டினார்கள், அதற்கப்புறம் அந்த வயது ஏறவே இல்லை. 2022இல் காலை உணவு வந்தது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். நல்லது, மனதார வரவேற்கிறேன், அந்தப் பிள்ளைகளின் முகமே மாறியிருக்கிறது. ஆனால் என் வகுப்புக்கு வருகிற பிள்ளை போன வருஷம் வரை மத்தியானம் சூடாகச் சோறும் வாரத்துக்கு ஐந்து முட்டையும் சாப்பிட்ட பிள்ளை. பதினோராம் வகுப்பில் கால் வைத்த அன்றைக்கு அது நிற்கிறது. அதே பள்ளி, அதே சமையல்கூடம், அதே வாசனை ஜன்னல் வழியாக வரும். ரத்தம் அதிகம் தேவைப்படுகிற வயதில் சரியாகக் கையை எடுத்துவிடுகிறோம்.

வீட்டில் இருந்து டப்பா கொண்டுவருவார்கள்தானே என்று கேட்பீர்கள். வருவார்கள். எங்கள் பள்ளிக்கு சுற்று கிராமங்களில் இருந்து டவுன் பஸ் ஒன்றுதான், ஏழு மணிக்கு முன்னால் ஏறியாக வேண்டும், அதை விட்டால் முதல் பீரியட் போய்விடும். அம்மா அதற்கு முன்னாலேயே பூப்பறிக்கவோ தக்காளி பறிக்கவோ போயிருப்பார். டப்பாவில் தயிர்ச்சோறு, இல்லையென்றால் முந்தின நாள் சோற்றில் புளிக்குழம்பு. சிலர் டப்பாவே இல்லாமல் வந்து, கேட்டுக்கு வெளியே பப்ஸோ பிஸ்கட்டோ வாங்கிக்கொள்வார்கள், காலையிலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பிரேயரில் மயங்கி விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளை இல்லை, பிளஸ் டூ பிள்ளை.

வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், நீலக் கலர். அதை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கீழ் வகுப்புகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதால் ஓரளவு போகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் சரியாகச் சாப்பிடாமல் போடுகிறார்கள், ஒருத்தி வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையை உள்ளங்கையில் மறைத்து வைத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறது. எங்கள் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே செடிக்குத்தான் இரும்புச்சத்து நன்றாக ஏறுகிறது. பதிவேட்டில் நூறு சதவீதம்.

சப்சென்டர் அக்கா

டீச்சர் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இது: பத்தாவது வரை அரசாங்கம் சோறு போடும், அப்புறம் அவள் கர்ப்பமானால் மறுபடி தேடி வரும். பதிவு பண்ணின உடனே ரத்தப் பரிசோதனை, தினமும் மாத்திரை, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 4000 ரூபாய்க்கு நெய், பேரீச்சம்பழம், சத்து மாவு எல்லாம் வைத்து ரெண்டு பெட்டகம். தேவைப்பட்டால் ஊசியிலும் இரும்பு ஏற்றுவோம். நடுவில் இருக்கிற அந்த வருஷங்களில் அவள் யார் கணக்கிலும் இல்லை. கர்ப்பத்துக்கு வரும்போதே 8, 9 என்று வருகிறவளுக்கு ஆறு மாதத்தில் நாங்கள் எவ்வளவு ஏற்ற முடியும்? குழந்தை ரெண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கும். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் பதினைந்து வருஷம் கழித்து டீச்சர் வகுப்பில் வந்து உட்காரும்.

14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு அங்கன்வாடி வழியாக மத்திய அரசின் சத்துணவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2022க்குப் பிறகு அது தமிழ்நாட்டில் முன்னேற விழையும் மாவட்டங்களான ராமநாதபுரம், விருதுநகருக்கு மட்டும்தான். நமக்குக் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மாத்திரையை யாரும் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது போட்டால் குமட்டல் தெரியாது. மலம் கறுப்பாகப் போகும், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. இந்த ஒரு வரியை முன்னாலேயே சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் பயந்து நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? பின்னால் பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை என்று ஒரு ஊரில் புரளி கிளம்பி, பாட்டிமார் எல்லோரும் சேர்ந்து என்னைத் துரத்தாத குறை. டீ, காபியை மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்க்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். நெல்லிக்காய் நம் மாவட்டத்தில் பள்ளி வாசலிலேயே உப்பு மிளகாய்த்தூளோடு விற்கிறார்கள், அதைத் தின்னாதே தொண்டை கட்டும் என்று அடிக்கிறோம்.

பர்கூர் கல்லுப்பட்டறை

அக்கா, டீச்சர், நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா பிளஸ் டூ பிள்ளைக்கும் சத்துணவு போட்டால் வந்து சாப்பிடுமா? ஒன்பதாவது படிக்கிறதே தட்டைத் தூக்கிட்டு வரிசையில் நிக்க வெட்கப்படுதே. என் பொண்ணே அப்படித்தான், சத்துணவு சாப்பிட்டால் ஏழைன்னு நினைப்பாங்களாம்.

அரசுப் பள்ளி டீச்சர்

சார் கேட்பது நியாயமான கேள்வி. வெட்கம் இருக்கிறது, வகுப்பு ஏற ஏற சாப்பிடுகிற எண்ணிக்கை குறையத்தான் செய்கிறது. ஆனால் வேகவைத்த முட்டையும் சுண்டலும் மட்டும் வகுப்புக்கே வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, எங்கள் பள்ளியில் ஊர்க்காரர் ஒருவர் பொதுத்தேர்வு சமயத்தில் ஸ்பெஷல் கிளாஸுக்கு சுண்டல் வாங்கிக் கொடுத்தபோது பார்த்தேன், பாத்திரத்தில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. தட்டும் வரிசையும்தான் கூச்சம், சாப்பாடு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்க யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறை இருக்கிற லட்சணம் அப்படி. தண்ணீர் குடிக்காவிட்டால் பசியும் தெரியாது என்கிறார்கள்.

பென்னாகரம் போர்வெல்

தண்ணீர் என்றதும் வந்தேன். சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், நம்ம ரெண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதை மறந்துவிட்டீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டிய போர்வெல் இங்கே எத்தனையோ. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறந்ததே முக்கியமாக இதற்காகத்தான், திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வருகிற நோய்) தணிப்பு என்று இருக்கிறது. பல்லில் காவிக்கறை, மூட்டு வலி மட்டும் அதனால் வருவதில்லை. ஃபுளோரைடு குடலின் உள்சவ்வைக் கெடுக்கும், சவ்வு கெட்டால் சாப்பிட்ட சத்து ரத்தத்தில் சேராது. டில்லியைச் சேர்ந்த டாக்டர் ஏ.கே. சுசீலா ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஃபுளோரைடு உள்ள தண்ணீரையும் பொருள்களையும் நிறுத்தி, சாப்பாட்டைச் சீராக்கியதில் ஹீமோகுளோபின் ஏறியது, எடை குறைந்த குழந்தைகளும் குறைந்தன.

எங்கள் ஊரில் ஒகேனக்கல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் வாரம் ஒரு தடவை. அதைக் குடிக்கப் பிடித்து வைப்போம். சமைப்பது போர்வெல் தண்ணீரில். களி கிண்ட எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சப்சென்டர் அக்கா

இது உண்மையான விஷயம் தம்பி, ஒகேனக்கல் தண்ணீரிலேயே சமைக்கச் சொல்லி நாங்களும் சொல்வோம். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு முட்டையை விட்டுவிடக் கூடாது. குடற்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் கொல்லையில் நடக்கிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு காலில் தோல் வழியாகவே ஏறும், உள்ளே உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் கொடுப்பது அதற்குத்தான், 19 வயது வரை.

மொரப்பூர் ஜங்ஷன்

ரேஷன் அரிசியில் வெள்ளையாக, கொஞ்சம் வித்தியாசமாக சில அரிசி கலந்து வருகிறதே, பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது இதுக்குச் சம்பந்தப்பட்டதா?

சப்சென்டர் அக்கா

சம்பந்தப்பட்டதுதான். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு. நம்ம பெண்கள் முறத்தில் போட்டுப் புடைத்து அதை மட்டும் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கி எறிகிறார்கள். சம்சாரி அண்ணன் கோபிக்கக் கூடாது, 2 கிலோ ராகியில் வருகிற இரும்புக்குக் குறையாமல் அந்த எறிகிற அரிசியில் இருக்கிறது.

கம்பைநல்லூர் சம்சாரி

கோபம் இல்லை அக்கா. நேற்றே வீட்டுக்காரம்மா கிட்ட சொல்லிட்டேன், அவங்க உங்க பேரை எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க, நான் சொன்னால் நம்பிக்கை இல்லையாம்.

அஞ்செட்டி காட்டோரம்

நீங்கள் எல்லாம் பஸ் போகிற ஊர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் வந்து பாருங்கள். இங்கே ராகியை விட்டது சினிமா பார்த்தோ யூடியூப் பார்த்தோ இல்லை. கதிர் முற்றுகிற நேரத்தில் யானை வருகிறது, யானை விட்டதைக் காட்டுப்பன்றி முடிக்கிறது. ராத்திரி முழுக்கப் பரண் மேல் கண் விழிக்க ஆள் வேண்டும், ஆள் எல்லாம் பெங்களூரில் கட்டட வேலையில். அப்புறம் எதை விதைப்பது? ரேஷன் அரிசி, மிளகாய், புளி, முடிந்தது சாப்பாடு. மழைக்காலத்தில் கீரை.

அதைவிட முக்கியமானது, பெண் பிள்ளை எட்டாவதோ பத்தாவதோ முடித்தால் ஹாஸ்டலுக்கு அனுப்பணும், இல்லாவிட்டால் கட்டிக் கொடுக்கணும். 16 வயதில் கல்யாணம், 17இல் கர்ப்பம். சப்சென்டர் அக்கா சொன்ன பதிவு, பெட்டகம், 18,000 எல்லாம் இந்தப் பெண்ணுக்கு வராது, 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. பணம் போனால் போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயதைக் கேட்பார்கள், குறைவு என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், புருஷன் மேல் போக்சோ. அதற்குப் பயந்து ஏழு, எட்டு மாதம் வரை பெண்ணை வீட்டிலேயே மறைத்து வைக்கிறார்கள். யாருக்கு மாத்திரையும் முட்டையும் எல்லோரையும்விட முதலில் கிடைக்கணுமோ அவள் ஒளிந்து கிடக்கிறாள். சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை, இப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

அரசுப் பள்ளி டீச்சர்

கல்யாணம் நடக்கும் முன் தகவல் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், யார் சொன்னார்கள் என்று வெளியே வராது. அதற்குப் பின்னால் நடப்பதற்கு நீங்கள் சொன்னதுதான் நிலைமை. பிளஸ் ஒன்னில் பெயர் எழுதிவிட்டு காலாண்டுத் தேர்வுக்கு வராத பிள்ளை என்றால் எங்களுக்கு வயிறு கலங்கும்.

பர்கூர் கல்லுப்பட்டறை

அஞ்செட்டி நண்பர் சொன்னதைப் படித்தப்புறம் ஒரு யோசனை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில்தான் ஆரம்பிச்சாங்க. எங்க அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. அதே ஆள் அதே வீட்டுக்குள்ள வர்றப்போ எங்க பொண்ணு விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்தால் என்ன செலவாகிடும்?

சப்சென்டர் அக்கா

அதைத்தான் நானும் பல கூட்டங்களில் கேட்டேன்.

மொரப்பூர் ஜங்ஷன்

அப்போது கிராம சபையில் வைக்கலாமா? அக்டோபர் 2 வருகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முட்டையும் சுண்டலும், மக்களைத் தேடி வருகிறவர்கள் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த அளவு பார்ப்பது, ரெண்டே தீர்மானம். நான் எழுதிப் போடுகிறேன், அவரவர் ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் போர்வெல்

மூன்றாவதாகத் தண்ணீர் பரிசோதனையையும் சேருங்கள். அங்கன்வாடி, பள்ளி போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளி டீச்சர்

சுண்டலுக்கு இப்போதைக்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி நன்கொடையில் வாரம் மூன்று நாளாவது ஆரம்பிக்கலாம். சம்சாரி ஐயா மாதிரி கொள்ளு, தட்டைப்பயறு விளைவிக்கிறவர்கள் ஒரு மூட்டை கொடுத்தால் ஒரு பருவம் ஓடும்.

கம்பைநல்லூர் சம்சாரி

கொள்ளு நான் தர்றேன் டீச்சர். தை மாதம் அறுவடை முடிந்ததும் கேளுங்க.

ஓசூர் ஷிப்ட்

எல்லாம் பள்ளிக்கூடத்தோடயே நிற்கிறது. எங்களை மாதிரி ஹாஸ்டலில் இருக்கிறவங்க என்ன செய்யறது? எங்களுக்குக் கிராம சபையும் இல்லை, மேலாண்மைக் குழுவும் இல்லை.

பர்கூர் கல்லுப்பட்டறை

தொழிற்சாலை விதிப்படி கேன்டீனுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கணும்மா, அதில் தொழிலாளி பிரதிநிதியும் இருக்கணும். உங்க கம்பெனியில் யார் இருக்காங்கன்னு எச்.ஆர். கிட்ட கேளு.

ஓசூர் ஷிப்ட்

கேட்டேன் சார். கமிட்டி இருக்கு, தொழிலாளி சார்பா இருக்கிறவங்க எல்லோரும் ஆண்கள். லைனில் நிற்கிறது முக்கால்வாசி பெண்கள். மறுபடி ஆள் எடுக்கும்போது நானும் ரூம்மேட்டும் பேர் கொடுக்கிறதா இருக்கோம். அக்கா, போய் உட்கார்ந்தால் முதலில் எதைக் கேட்கணும்? முட்டையா, சுண்டலா?

சப்சென்டர் அக்கா

ரெண்டையும் கேளு கண்ணு. சாம்பாரில் பருப்பு இருக்கணும்னு கேளு. நைட் ஷிப்டில் சாப்பாடு முடிந்த கையோடு டீ ஊற்றுவதை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லு, அதற்கு அவங்களுக்குக் காசு செலவில்லை, முதல் கூட்டத்திலேயே ஒத்துக்குவாங்க.